கட்டைவிரல் 25, ஆள்காட்டி விரல் 10

ரெண்டு மாசமா ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலை காட்டல. யாரும் தேடின மாதிரியும் தெரியல, அது வேற விஷயம் :-)

இன்னைக்குக் கொஞ்சம் வில்லங்கமான சமாச்சாரம். தலைப்பைப் பார்த்துட்டு கைரேகை ஜோசியம்னு நினைச்சுடாதீங்க. அது என் விரல்களோட விலைப்பட்டியல்.

வருஷா வருஷம் எங்க ஆபீஸ்ல ஒரு மெயில் வரும். இன்சூரன்ஸ் விண்டோ திறந்தாச்சு, இந்தத் தேதிக்குள்ள போய் விவரம் எல்லாம் சரி பார்த்துடுங்கன்னு. மூணு அயிட்டம் இருக்கும். ஒண்ணு மருத்துவக் காப்பீடு. இதை மட்டும் எல்லாரும் உத்துப் பார்ப்போம், அப்பா அம்மாவைச் சேர்க்கணுமே. ரெண்டாவது டேர்ம் லைஃப். மூணாவதுதான் குரூப் பர்சனல் ஆக்சிடென்ட், சுருக்கமா ஜி.பி.ஏ. இதை யாரும் திறந்துகூடப் பார்க்கறதில்ல. ப்ரீமியம் கம்பெனி கட்டுது, நமக்கென்னன்னு 'அக்ஸெப்ட்' அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிடுவோம்.

அமெரிக்காவுல இதுக்குப் பேரு ஏ.டி அண்ட் டி. ஆக்சிடென்டல் டெத் அண்ட் டிஸ்மெம்பர்மென்ட். விபத்துல செத்தா முழுப் பணம். ரெண்டு கையோ, ரெண்டு காலோ, ரெண்டு கண்ணோ போனாலும் முழுப் பணம். ஒரு கையோ ஒரு கண்ணோன்னா பாதி. ஒரே கையில கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து போனா கால்வாசி. ஒரு நாள் கிளையன்ட் கால்ல மீட்டிங் தொடங்கறதுக்கு முன்னாடி, அந்தப் பக்கம் இருந்த பெரியவர் ஒருத்தர் இதைப் பத்தி ஜோக் அடிச்சுட்டு இருந்தாரு. டிஸ்மெம்பர்மென்ட்டை நம்ம பாஷையில உறுப்பிழப்புன்னு டீசன்ட்டா சொல்லலாம். எங்க ஊர்ல சொல்றது 'கை போயிடிச்சி, கால் போயிடிச்சி'.

சரி, எல்லாரும் அக்ஸெப்ட் அமுக்கற அந்த டாக்குமென்ட்டை ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுசா உக்காந்து படிச்சேன் (பேச்சிலர் வாழ்க்கையில வேற என்ன பொழப்பு). நம்ம ஊரு பாலிசியில கணக்கு இன்னும் நுணுக்கம். கட்டைவிரல் முழுசா போனா 25 சதவீதம். ஆள்காட்டி விரல் 10. நடுவிரல் 6. மோதிர விரல் 5. சுண்டு விரல் 4. பாதி விரல், நுனி விரலுக்கெல்லாம் தனி ரேட். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனா பெரும்பாலும் இதுதான் பட்டியல்.

20 லட்சம் கவர்னு வச்சுக்கங்க. என் கட்டைவிரல் 5 லட்சம். ஆள்காட்டி விரல் 2 லட்சம். சுண்டு விரல் வெறும் 80 ஆயிரம். இதுல எனக்கு உடன்பாடு இல்ல. கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி ரெண்டுக்கும் கன்ட்ரோல் பட்டனை அமுக்கிட்டு இருக்கறது இடது கை சுண்டு விரல்தான். மொத்த ஐ.டி துறையும் அந்த ஒரு விரல்லதான் ஓடுது. 4 சதவீதமாம்!

இந்தப் பட்டியலைப் படிக்கும்போதுதான் எங்க மாமா ஞாபகம் வந்தாரு.

நம்ம ஊரு கம்மாபுரம். விருத்தாசலம் பக்கம். பீங்கான் ஊருன்னா விருத்தாசலம்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அங்க பீங்கான் தொழிற்பேட்டை இருக்கு, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக் குடுக்கற அரசு பாலிடெக்னிக்கே தனியா இருக்கு. உங்க வீட்டு மெயின் போர்டுல வெள்ளையா ஒரு ஃபியூஸ் கட்டை இருக்கே, அந்த மாதிரி சாமான்லாம் எங்க பக்கத்து ஷெட்டுங்கள்ல செய்யறதுதான். நம்ம ஊர்ல இருந்து நிறைய பேரு அங்க வேலைக்குப் போவாங்க. இன்னொரு கூட்டம் நெய்வேலிக்குப் போகும், சுரங்கத்துக்கோ அனல் மின் நிலையத்துக்கோ கான்ட்ராக்ட்ல.

தாய்மாமா ஒரு சின்ன ஷெட்டுல இருந்தாரு. மொத்தமே ஆறேழு பேருதான். 2012ல மண்ணு பிசையற மெஷின்ல வலது கை மாட்டி ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிடிச்சி. அப்ப அவருக்கு 40 வயசு. மாசம் 6,000 ரூபா சம்பளம். நான் பள்ளிக்கூடம் படிச்சிட்டு இருந்தேன். கட்டு போட்ட கையோட வீட்டுத் திண்ணையில உக்காந்து இடது கையால முறுக்கு தின்னுட்டு இருந்தாரு, அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. ஷெட்டு ஓனரு ஆஸ்பத்திரி செலவைப் பார்த்துக்கிட்டாரு, கையில 15,000 குடுத்தாரு, குணமானதும் கேட்டுல உக்கார்ற வேலை போட்டுக் குடுத்தாரு. மாமா இன்னைக்கும் அவரை 'தங்கமான மனுசன்'னுதான் சொல்லுவாரு.

1923லயே இதுக்கு ஒரு சட்டம் இருக்குங்க. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சமாச்சாரம். வேலை செய்யற இடத்துல அடிபட்டா முதலாளி நஷ்ட ஈடு குடுக்கணும், அவரு பக்கம் தப்பே இல்லன்னாலும். அதுலயும் இதே மாதிரி உடம்பைக் கூறு போட்டு ஒரு பட்டியல். ஒரு கை மொத்தமா 60 சதவீதம். கட்டைவிரல் 30. ஒரு கண்ணு 40. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. இதுல பாருங்க, 'ஒரே கையில ரெண்டு விரல்'னு தனியா ஒரு வரி இருக்கு, அதுக்கு 20. தனித்தனியா போனா 14ம் 12ம் 26. சேர்ந்து போனா 20. ஜவுளிக்கடையில மொத்தமா எடுத்தா தள்ளுபடி குடுப்பாங்களே, அந்த மாதிரி. சட்டம் எழுதினவன் என்ன நினைச்சு எழுதினானோ.

பொட்டி தட்டறவன் கையில கணக்கு கிடைச்சா சும்மா இருப்பானா? எக்செல்லைத் திறந்துட்டேன். நிரந்தர ஊனத்துக்கு மாச சம்பளத்துல 60 சதவீதம், அதை வயசுக்கு ஏத்த ஒரு எண்ணால பெருக்கணும். 40 வயசுக்கு அந்த எண் 184.17. 3,600 பெருக்கல் 184.17, ஆறு லட்சத்து 63 ஆயிரத்து 12 ரூபா. அதுல 20 சதவீதம், ஒரு லட்சத்து 32 ஆயிரத்து 602 ரூபா. கிடைச்சது 15,000. ரெண்டு வருஷத்துக்குள்ள தொழிலாளர் துறை ஆணையர்கிட்ட மனு போட்டிருக்கணும். போடல. அப்படி ஒண்ணு இருக்குன்னே எங்க தெருவுல யாருக்கும் தெரியாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப மாமாகிட்ட இந்தக் கணக்கைச் சொன்னேன். ஒரு நிமிசம் சும்மா இருந்தாரு. அப்புறம், "ரெண்டு பசு வாங்கியிருப்பன் மாப்ள"ன்னாரு. அவ்ளோதான். எந்திரிச்சிப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆரம்பிச்சிட்டாரு.

அந்த 1923 சட்டம் இப்ப இல்ல. 2020ல பாஸ் பண்ண சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21ல நடைமுறைக்கு வந்து, பழசை உள்ள இழுத்துக்கிச்சு. நஷ்ட ஈடு விதியெல்லாம் அதுக்குள்ள தொடருது. கூடுதலா ஒரு நல்ல விஷயம், வீட்டுல இருந்து வேலைக்குப் போற வழியிலயோ திரும்பி வர்ற வழியிலயோ நடக்கற விபத்தும், வேலையோட தொடர்பு இருந்தா, வேலையில நடந்ததாவே கணக்கு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி 2025 ஜூலையில உச்ச நீதிமன்றமும் இதே மாதிரி ஒரு தீர்ப்பு சொல்லிச்சு. மகாராஷ்டிராவுல ஒரு சர்க்கரை ஆலை காவலாளி, 2003ல விடியக்காலை ஷிப்டுக்கு வண்டியில போறப்ப ஆலைக்கு 5 கிலோமீட்டர் இருக்கறப்ப செத்துட்டாரு. அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைக்க 22 வருஷம்.

மாமாவோட விரலும் என்னோட விரலும் சதவீதத்துல பார்த்தா கிட்டத்தட்ட ஒரே ரேட்டுதான். எதோட பெருக்கறாங்கங்கறதுலதான் வித்தியாசமே. நான் ஏ.சி ரூம்ல மவுஸ் பிடிக்கற விரலுக்கு 2 லட்சம், கேக்காமலேயே கம்பெனி கட்டி வச்சிருக்கு. மெஷினுக்குள்ள கைய விடறவருக்கு, இருக்கற சட்டத்தைக்கூட யாரும் சொல்லல. 2020ல நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்துல மே 7ஆம் தேதி ஒரு பாய்லர் விபத்து, ஜூலை 1ஆம் தேதி இன்னொண்ணு. ரெண்டாவதுல அன்னைக்கே 6 பேரு போயிட்டாங்க. டிவியில வந்துச்சு, நிவாரணம் அறிவிச்சாங்க. ஷெட்டுல போற ஒத்தை விரலு எந்த டிவியிலயும் வராது.

சரி, நம்ம பாலிசிக்கு வருவோம்.

இந்த ஐடியா எங்க இருந்து வந்துச்சுன்னு பார்த்தா, ரயில்ல இருந்து. 1849ல லண்டன்ல ரயில்வே பாசஞ்சர்ஸ் அஷ்யூரன்ஸ்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. ரயிலுன்னாலே ஜனங்க பயந்த காலம். டிக்கெட் எடுக்கறப்பவே கூட ஒரு பென்னி குடுத்தா, மூணாம் வகுப்புக்காரன் செத்தா 200 பவுண்டு. ரெண்டாம் வகுப்புக்கு 2 பென்னி, 500 பவுண்டு. முதல் வகுப்புக்கு 3 பென்னி, 1,000 பவுண்டு. சாவுலயும் கிளாஸ் வச்சுட்டான் பாருங்க. இன்னைக்கு நான் பல்லவன்ல விருத்தாசலத்துக்கு டிக்கெட் போடறப்ப ஐ.ஆர்.சி.டி.சி ஒரு டிக் கேக்குதே, அது அதோட கொள்ளுப் பேரன். 2016 செப்டம்பர்ல 92 காசுக்கு ஆரம்பிச்சாங்க, இப்ப அதையும்விடக் குறைச்சல். இறந்தா 10 லட்சம். இதுல வகுப்பு பேதமெல்லாம் கிடையாது. டிக்கெட் போட்டதும் நாமினி பேரு குடுங்கன்னு ஒரு எஸ்.எம்.எஸ் வரும் பாருங்க, அதை நம்மள்ல எத்தனை பேரு திறந்திருக்கோம்?

விபத்துன்னா என்னன்னு பாலிசியில ஒரு வரையறை இருக்கு. திடீர்னு, எதிர்பாராம, நம்ம இஷ்டமில்லாம, வெளியில இருந்து, கண்ணுக்குத் தெரியற மாதிரி, வேகமா தாக்கின ஒண்ணுன்னு சொல்லலாம். படிக்கறப்ப சாதாரணமாத்தான் இருக்கு. கோர்ட்டுக்குப் போனாத்தான் ஒவ்வொரு வார்த்தைக்கும் என்ன எடைன்னு தெரியும். 2019ல உச்ச நீதிமன்றத்துல அடுத்தடுத்து ரெண்டு தீர்ப்பு. மார்ச்ல ஒண்ணு. மொசாம்பிக்ல வேலை பார்த்தவரு மலேரியா வந்து இறந்தாரு. கொசு கடிச்சது எதிர்பாராத விபத்துதானேன்னு குடும்பம் வாதாடிச்சு. நுகர்வோர் ஆணையம்கூட ஆமான்னுச்சு. அந்த நாட்டுல மூணுல ஒருத்தருக்கு மலேரியா வருது, அது எதிர்பாராததுன்னு எப்படிச் சொல்லமுடியும்னு உச்ச நீதிமன்றம் மறுத்துடுச்சு. ஏப்ரல்ல இன்னொண்ணு. பைக்ல போனவருக்கு நெஞ்சு வலி வந்து வண்டியோட கீழ விழுந்து இறந்துட்டாரு. விழுந்ததால செத்தாரா, மாரடைப்பால விழுந்தாரா? விழுந்த அடியாலதான் உயிர் போச்சுன்னு காட்ட ஆதாரம் இல்ல, அதனால விபத்துப் பணம் கிடையாதுன்னு தீர்ப்பு. ரெண்டுமே படிக்கக் கஷ்டமா இருந்துச்சு, ஆனா அந்த லாஜிக்ல எனக்கு ஓட்டை எதுவும் தெரியல. விபத்துக்குன்னு மட்டும் விக்கற பாலிசி அப்படித்தான் படிக்கப்படும். அது இவ்ளோ சீப்பா இருக்கறதுக்கும் காரணம் அதேதான்.

இதுக்கு நடுவுல எங்க பெரியப்பா கதையைச் சொல்லியாகணும். இதைச் சொல்லத்தான் உக்காந்தேன்னு நினைக்கிறேன்.

2018. நான் காலேஜ்ல கடைசி வருஷம். ராத்திரி மும்முனை கரண்ட் வர்ற நேரம் பார்த்து கரும்புக்குத் தண்ணி பாய்ச்சப் போனாரு பெரியப்பா. கண்ணாடி விரியன். கடிச்சதும் பச்சிலை குடுக்கற ஒருத்தருகிட்ட கூட்டிட்டுப் போய்ட்டாங்க, அங்கயே ஒரு மணி நேரத்துக்கு மேல போயிடிச்சி. அப்புறம் ஒரு கார் பிடிச்சு விருத்தாசலம் ஜி.எச்சுக்குக் கிளம்பினாங்க. பாதி வழியிலயே உயிர் போயிடிச்சி. காரு அப்படியே திரும்பிடிச்சி. ஆஸ்பத்திரிக்குப் போனா அறுப்பாங்க, உடம்பு குடுக்க நேரமாவும்னு பயம். கார்ல இருந்த யாரையும் நான் குத்தம் சொல்லமாட்டேன். அந்த நேரத்துல யாருக்கு என்ன தோணும்?

அடுத்த வருஷம் பெரியம்மா, "தம்பி, இந்த பாஸ்புக்குல எவ்ளோ இருக்குன்னு பாரு"ன்னு பெரியப்பாவோட பாஸ்புக்கைக் குடுத்தாங்க. என்ட்ரி போட்டுட்டு வந்து ஒவ்வொரு வரியா பார்த்துட்டு வர்றேன். ரெண்டு வருஷமும் 12 ரூபா, 12 ரூபான்னு பிடிச்சிருக்கு. பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா. 2015ல வந்த திட்டம். விபத்துல இறந்தா 2 லட்சம், ரெண்டு கண்ணோ ரெண்டு கையோ போனாலும் 2 லட்சம், ஒரு கையோ ஒரு கண்ணோன்னா 1 லட்சம். பாம்புக் கடிக்கும் உண்டு. போலீஸ் எஃப்.ஐ.ஆர் இல்லாட்டிக்கூட, உடனே போன ஆஸ்பத்திரியோட ரெக்கார்டு இருந்தாப் போதும்னு அதுல சொல்லியிருக்கு. எங்ககிட்ட அந்த ரெக்கார்டுதான் இல்ல. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட போகலையே. 30 நாளுக்குள்ள சொல்லணும்ங்கறதும் எப்பவோ தாண்டிடிச்சி. பேங்க்ல இருந்தவரு நல்ல மாதிரிதான், எங்க பேப்பரையெல்லாம் பொறுமையா புரட்டிப் பார்த்தாரு. "ஒரு ஓ.பி சீட்டாவது இருக்கா சார்?"னு திருப்பித் திருப்பிக் கேட்டாரு.

பெரியம்மா வெளிய வந்து கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அந்தக் காரு நேரா போயிருந்தா குடுத்திருப்பானா?" பதில் சொல்ல எனக்கு வாய் வரல.

அதனால மக்களே, விபத்துன்னா பிரேதப் பரிசோதனை, எஃப்.ஐ.ஆர், ஆஸ்பத்திரி சீட்டு, இந்த மூணும்தான் எல்லா பாலிசிக்கும் உயிர்நாடி. ஆபீஸ் ஜி.பி.ஏவுக்கும் இதே கதைதான். உடனே சாகாம படுத்த படுக்கையா இருந்து இறந்தாலும், பொதுவா 12 மாசத்துக்குள்ளன்னா விபத்துச் சாவாவே எடுத்துக்குவாங்க, ஆனா முதல் நாள்ல இருந்து பேப்பர் கோர்வையா இருக்கணும். குடிச்சிட்டு வண்டி ஓட்டினா கிடையாது. தற்கொலைக்குக் கிடையாது.

ஆபீஸ் பாலிசியில நான் பார்த்த நல்லது, 24 மணி நேரமும் செல்லும். ஆபீஸ்ல இருக்கணும்னு இல்ல, ஊர்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாலும் செல்லும். எலும்பு முறிஞ்சு வேலைக்கு வரமுடியாமப் படுத்தா வாரத்துக்கு இவ்ளோன்னு ஒரு தொகை எங்க பாலிசியில இருக்கு, எங்க டீம்ல ஒருத்தருக்கும் அது தெரியல. கெட்டது, கடைசி வேலை நாளோட அதுவும் காலி. பேப்பர் போட்டுட்டு அடுத்த கம்பெனியில சேர்றதுக்கு முன்னாடி ஒரு மாசம் ஊர்ல பைக்ல சுத்துவோமே, அந்த மாசத்துக்கு ஒண்ணுமே கிடையாது. லே ஆஃப் ஆனாலும் அப்படித்தான். அதனால தனியா ஒண்ணு வச்சிருக்கேன். 2021 ஏப்ரல்ல இருந்து சரல் சுரக்‌ஷா பீமான்னு எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி விதிகளோட விக்கணும்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ சொல்லிடுச்சு, ரெண்டரை லட்சத்துல இருந்து ஒரு கோடி வரைக்கும். விதிகளை ஒப்பிட்டு மண்டை காயவேண்டியதில்ல.

அப்புறம் பைக் இன்சூரன்ஸ். ஓனர் ஓட்டறப்ப விபத்துன்னா 15 லட்சம், 2018ல இருந்து. ரினியூவல் பண்றப்ப 'பி.ஏ வேணாம்னு போட்டா சில நூறு ரூபா குறையும் சார்'னு சொல்லுவாங்க. வேற பாலிசி 15 லட்சத்துக்கு ஏற்கெனவே இருந்தா வேணாம்னு சொல்லலாம். இல்லாம சொல்லாதீங்க. வண்டி உங்க பேர்ல இருக்கணும், லைசென்ஸ் உசுரோட இருக்கணும். அப்பா பேர்ல இருக்கற வண்டியை ஓட்டற தம்பிகளே, அது உங்களுக்குச் செல்லாது. 2022ல மட்டும் தமிழ்நாட்டு ரோட்டுல செத்தவங்க 17,884 பேரு. பாதி பேரு நம்ம வயசுக்காரங்கன்னு சொல்லி பயமுறுத்த கையில கணக்கு இல்ல, ஆனா ஓ.எம்.ஆர்ல தினமும் போறவங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்ல.

பெரியப்பா விஷயத்துக்கு அப்புறம் வீட்டுல எல்லாருக்கும் அந்த சுரக்‌ஷா பீமா போட்டுட்டேன். 2022 ஜூன்ல இருந்து 12 ரூபா 20 ஆயிடுச்சு, 18 வயசுல இருந்து 70 வரைக்கும். மாமாவுக்கும் போட்டாச்சு. "ஏற்கெனவே போன ரெண்டு விரலுக்கு எதாவது தருவானா?"ன்னு நக்கல் பண்றாரு.

போன வாரம் ஜி.பி.ஏ பேப்பர், டேர்ம் பேப்பர், என் தனி பாலிசி எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து, ஹெச்.ஆர் நம்பரை மேல பெரிய எழுத்துல எழுதி ஃபைல் போட்டு ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். அம்மாகிட்ட, "எனக்கு எதாவது ஒண்ணுன்னா இந்த நம்பருக்குப் பேசும்மா"ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள, "வாயைக் கழுவுடா"ன்னு கரண்டியைத் தூக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை வேற. அப்பாதான் வாங்கிப் பார்த்தாரு. நாமினிங்கற இடத்துல அம்மா பேரு இருந்ததைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம பீரோவுல பத்திரத்துக்கு மேல வச்சாரு. பாம்பு கடிச்சா நேரா ஜி.எச்சுக்குப் போகணும், எந்த விபத்தா இருந்தாலும் ஓ.பி சீட்டு வாங்கணும்னு அவருகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன். தலையாட்டினாரு. பெரியப்பா அவருக்கு அண்ணன் இல்லையா, அதுக்கு மேல விளக்கவேண்டி வரல.

டிஸ்கி: நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இல்லீங்க, சத்தியமா. எந்தக் கம்பெனி நல்லதுன்னு மெயில் போடாதீங்க. உங்க ஆபீஸ் பாலிசியில சுண்டு விரலுக்கு 4க்கு மேல போட்டிருந்தா மட்டும் பின்னூட்டத்துல சொல்லுங்க, ரெஸ்யூமே அனுப்பறேன் :-)